களையெடுப்பும் கண்டிராக்டும்

முதுமலைக் காட்டில் மண்டியுள்ள அன்னியச் செடிகளை அகற்றும் விஷயத்தை நம் வாசகர்களிற் பலர் அறிந்திருப்பர். தமிழ்நாடு சர்க்கார் 2022-ஆம் வருஷத்தில் இதற்கென்றே ஒரு கொள்கையைப் பிரசுரித்தார்கள். நோக்கம் சிலாக்கியமானதே. ஆயினும் எதை வெட்டுவது என்பதைக் காட்டிலும், யாரைக் கொண்டு எந்த ஷரத்தின்மேல் வெட்டுவிப்பது என்பதே இதில் முக்கியமான கேள்வியென்பது நமது அபிப்பிராயம்.

உண்ணிச்செடி அமெரிக்க உஷ்ணப் பிரதேசத்துக்குரியது. கும்பெனியார் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், அழகுக்காகக் கல்கத்தா தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்தவர்கள் போய்விட்டார்கள், செடி போகவில்லை. பட்சிகள் அதன் கனியைத் தின்று விதையைக் காடெங்கும் பரப்புகின்றன. அது அடர்ந்த இடத்தில் புல் தழைப்பதில்லை. மானுக்கும் யானைக்கும் தீனி குறைகிறது. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்னும் மஞ்சட்பூ மரமும் அழகுக்கென்று வந்து காட்டைப் பிடித்துக்கொண்டதே.

இவற்றை ஒழிப்பது விறகு வெட்டும் வேலையன்று. மஞ்சட்பூ மரத்தை அறுத்துவிட்டுப் போனால் அடிக்கட்டையினின்று பல கிளைகள் வெடித்து, ஒரு மரம் நின்ற இடத்தில் ஒரு புதர் நிற்கும். மார்பளவு உயரத்திலிருந்து தரைவரை பட்டையை முற்றும் உரித்து, மரத்தை நின்றபடியே பட்டுப்போகச் செய்து, புதுத்துளிர் கண்டால் கிள்ளியெறிய வேண்டும். கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். உண்ணிக்கோ, தில்லிப் பேராசிரியர் ஸி. ஆர். பாபு வகுத்த முறைப்படி, தரைக்கு ஓரிரண்டு அங்குலம் கீழே வேரின் கழுத்தை வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்தல் வேண்டும். அதுவும் காய்க்குமுன் செய்தல் நலம். கை பழகாத கூலியாள் இதைச் செய்ய இயலாது.

முதுமலையில் மஞ்சட்பூ மரங்களை அகற்றும் பணி சர்க்காருடைய காகித ஆலைக்கு அளிக்கப்பட்டது. காகிதத்தினாற் பிழைக்கும் நமக்கு ஆலையின்மேல் பகையில்லை. ஆனால் ஆலைக்கு வேண்டியது மரம். காட்டுக்கு வேண்டியது வேர் ஒழிவது. ஏற்றிய டன்னுக்கோ, வெட்டிய ஏக்கருக்கோ மட்டும் பணமென்று எழுதினால், கண்டிராக்டர் பெருமரங்களை அறுத்துக் கன்றுகளை விட்டுச் செல்வார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. பத்திரம் எதற்குப் பணம் தருகிறதோ அதையே அவர் செய்வார். வக்கீல் தொழில் பார்த்த நமக்கு இது புதிதன்று.

தென்னாப்பிரிக்காவில் 1995-ல், இந்திய வம்சத்தவரான மந்திரி காதர் அஸ்மாலின் முயற்சியால், நதிநீரைக் குடிக்கும் அன்னிய மரங்களை அகற்றும் திட்டம் தொடங்கிற்று. வேலையற்ற ஏழைகளை, விசேஷமாய் ஸ்திரீகளை, பயிற்றிச் சிறு கண்டிராக்டர்களாக்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கூலி கிடைத்தது. ஆனால் வெட்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று முளைகளைக் களையும் வேலை பல இடங்களில் தவறியதால், செலவிட்ட பணத்திற்கேற்ற பலன் கிட்டவில்லையென்று அந்நாட்டு ஆராய்ச்சியாளரே எழுதியிருக்கின்றனர்.

இவ்வனுபவம் நமக்கு இலவசமாய்க் கிடைத்திருக்கிறது. முதுமலையைச் சுற்றிக் குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழ்கின்றனர். கூடலூர்ப் பகுதி ஆதிவாசிகள் உண்ணிக்கொம்புகளால் வனைந்த யானையுருவங்கள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. செடியின் சுபாவத்தை அவர்களைவிட அறிந்தவர் யார்? அவர்களுடைய சங்கங்களையே கண்டிராக்டர்களாக்குக. பயிற்சி நாட்களுக்கும் கூலி தருக. டிபாஸிட்டுத் தொகை கேட்டு வாசலிலேயே நிறுத்தற்க. கட்டும் சக்தியில்லாதவனிடம் டிபாஸிட்டு கேட்பது, வெளியூர்ப் பணக்காரனுக்கே வேலையென்று சுற்றிவளைத்துச் சொல்வதாகும்.

பணத்தையும் ஒரே தவணையில் தீர்க்கலாகாது. உண்ணியின் விதை மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். ஒரு பங்கை வெட்டிய உடனும், மிச்சத்தை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதே நிலத்தைப் பார்வையிட்டு, முளை களையப்பட்டிருந்தாலும் கொடுப்பதென்று குறைந்தது மூன்று வருஷத்துக்கு எழுத வேண்டும். பார்வையிட்ட அறிக்கையைக் கிராம சபையில் வாசிக்கவும் வேண்டும். வனத்துறையார் அடுத்த டெண்டரை விளம்பரப்படுத்துமுன் இந்த ஷரத்துக்களைச் சேர்ப்பார்களா?