பால்வாடி டீச்சர்

தேனி மாவட்டம் வருசநாட்டில் போய் அங்கன்வாடிக்கு வழி கேட்டால் ஒரு நொடி யோசிப்பார்கள். பால்வாடி என்று கேட்டால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். அங்கே வேலை பார்க்கும் பெண் ஊருக்கு 'டீச்சர்'. அரசுக் காகிதத்தில் அவர் 'பணியாளர்'. அவருக்கு டெல்லி தருவது சம்பளம்கூட இல்லை, 'மதிப்பூதியம்'. ஏதோ பொழுதுபோகாமல் தொண்டு செய்ய வந்தவருக்கு மரியாதைக்குக் கொடுப்பது போல!

அவர் செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். கடமலைக்குண்டு தாண்டி மூல வைகையை ஒட்டி மேலே போகப் போக இலவமரமும் தென்னையும் கொட்டைமுந்திரியும்தான். அம்மாக்கள் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். இரண்டரை வயதுப் பிள்ளை வாசலிலேயே சேலையைப் பிடித்துக்கொண்டு கதறும். அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னும் இருபது பேரைப் பாட்டுப் பாட வைக்க வேண்டும். புளியங்கொட்டையை எண்ணச் சொல்வது, மணிகளைக் கலர் கலராகப் பிரித்து அடுக்கச் சொல்வது, கதையைப் பாதியில் நிறுத்தி 'அப்புறம் என்னாச்சு?' என்று கேட்பது எல்லாம் பாடம்தான். இதற்கென்று 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் பாடத்திட்டமே இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்று முதலில் சந்தேகப்படுவதும் பல வீடுகளில் அம்மா இல்லை, டீச்சர்தான்.

அதோடு விட்டால் பரவாயில்லை. மாதாமாதம் எடை, உயரம் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு, தடுப்பூசி நாளில் வீடு வீடாக அழைப்பு, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். 2021 முதல் இதையெல்லாம் 'போஷன் டிராக்கர்' செயலியில் பதிவதும் சேர்ந்துகொண்டது. 2025இல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்கு, வாங்குகிறவர் முகத்தைச் செல்போனில் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் மலையோரத்தில், பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய கண் பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டுக்குப் பால்வாடி விஷயத்தில் பழைய பெருமை உண்டு. 1975 அக்டோபர் 2இல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் சோதனையாகத் தொடங்கியது. 1980இல் உலக வங்கி உதவியுடன் தமிழகம் தனியாக ஒரு ஊட்டச்சத்துத் திட்டத்தை ஆரம்பித்தபோது, முதல் மாவட்டங்களில் ஒன்று மதுரை. வருசநாடும் அன்று மதுரை மாவட்டம்தான். எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்து அதற்குக் கூடுதல் உணவு கொடுப்பது அந்தத் திட்டத்தின் சூட்சுமம். அதற்கு நம்பியது டாக்டர்களை அல்ல, அந்தந்த ஊர்ப் பெண்களை. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது பால்வாடிக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் அடுப்பு எரிந்தது. இன்று 54,000க்கு மேற்பட்ட மையங்கள்.

சோறு போட்ட பெருமை சரி. ஆனால் அந்தப் பெருமையே படிப்பை மறைத்துவிட்டது. பால்வாடி என்றால் முட்டையும் கலவைச் சாதமும் என்றே நம் மனதில் பதிந்துவிட்டது. இத்தனைக்கும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி கொடைக்கானலில் தங்கி, பச்சைக் குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று கூர்ந்து கவனித்தார். கொடைக்கானலும் அன்றைய மதுரை மாவட்டம்தான். அவர் பெயரைப் பலகையில் எழுதிக் கட்டணம் வாங்கும் பள்ளிகள் தேனியிலும் கம்பத்திலும் உண்டு. அதே வயதுப் பிள்ளைக்கு அதே வேலையை இலவசமாகச் செய்தால் அது மட்டும் 'ஆயா வேலை' ஆகிவிடுகிறது.

2019இல் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கி, இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியது அரசு. பலர் அதைப் பதவி இறக்கமாக எடுத்துக்கொண்டார்கள். வழக்கும் போட்டார்கள். 2022இல் வகுப்புகளையே மூடப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் முடிவை மாற்றி, 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களை நியமிப்பதாக அறிவித்தார்கள். நாலு வயதுக்குப் பாடம் சொல்வதை நம் கல்வித் துறை எந்தத் தட்டில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். ஒரே வளாகத்தில் ஐந்து வயதுக்குப் பாடம் எடுக்கும் அரசு இடைநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. பக்கத்து அறையில் நாலு வயதுக்கு எடுக்கும் பால்வாடி டீச்சருக்கு 7,700. மத்திய அரசு 2018இல் 4,500 என்று நிர்ணயித்த மதிப்பூதியமோ வருடக்கணக்கில் அங்கேயே நின்றது. இலவமரக் காட்டில் வாழ்கிறவர்களுக்கு இலவு காத்த கிளியின் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

'அவர்கள் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிளஸ் டூ தகுதிக்கு எடுத்துவிட்டு, சில நாள் முகாமோடு அனுப்பி வைப்பது யார்? பட்டயப் படிப்பை அரசே சம்பளத்தோடு கொடுக்கட்டும், பிறகு தகுதியைக் கேட்கட்டும். அங்கன்வாடிப் பணியாளர்களின் பணிக்கொடை வழக்கில் 2022 ஏப்ரல் 25இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அங்கே நடப்பது கல்விப் பணிதான் என்று தெளிவாகவே சொல்லிவிட்டது.

இன்னொன்று, நேரம். கம்பம், போடிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு அம்மாக்களை ஏற்றிப்போகும் ஜீப் விடியுமுன் கிளம்பிவிடும். மையம் திறக்கும்வரை அவர்கள் பிள்ளை பாட்டியிடம், இல்லாவிட்டால் ஏழு வயது அக்காவிடம். 50 பெண்கள் வேலை பார்த்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஐந்து குழந்தைகள் வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று 2005இன் நூறு நாள் வேலைச் சட்டம் சொன்னது. ஆனால் வேலைத்தளத்து மரத்தில் தூளி ஆடுவதைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்.

ஆகவே அரசுக்கு நம் வேண்டுகோள்: காலை ஆறு மணிக்கே திறக்கும் மையங்களை, இரண்டு ஷிப்டுக்கு இரண்டு டீச்சர் போட்டு, ஏலத்தோட்ட ஜீப் கிளம்பும் ஊர்களில் தொடங்குங்கள். செயலிப் பதிவுக்கும் தேர்தல் வேலைக்கும் வேறு ஆள் பாருங்கள். அடுத்த அரசாணையில் 'பணியாளர்' என்பதை அடித்துவிட்டு 'ஆசிரியர்' என்று எழுதி, அந்தப் பெயருக்கு உரிய சம்பளத்தையும் போடுங்கள். வருசநாடு இருக்கும் கடமலை-மயிலை ஒன்றியத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.