எண்ணம் அவர்க்காம், உழைப்பு இவனதாம்!

கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில், தொழில்முனைவோர் கூடும் மாலைக் கூட்டங்களில், மென்பொருள் எழுதுவோனைச் சுற்றி வளைக்கும் புதுமுதலாளிகளின் பேச்சு ஒன்றே: "உலகையே புரட்டும் எண்ணம் என்னிடம் உண்டு, நீ எழுதித் தந்தால் போதும்!" கூலி? அது கிடையாது, பங்கு உண்டாம்! அப் பங்கும் அங்குள்ள வழக்கப்படி நான்காண்டு உழைத்தால்தான் முழுதாய்க் கைக்கு வரும். ஓராண்டு முடியுமுன் விலகினால் வெறுங்கைதான். எண்ணத்தை வாய்திறந்து சொல்லுமுன்னரே, வெளியிடேன் என்று கையெழுத்தும் கேட்பர். யாரும் காணாப் புதையலோ அது?

தேடுபொறி என்னும் எண்ணம் கூகுளுக்கு மட்டும் உரியதா? 1995-இலேயே ஆல்டாவிசுடா இருந்தது. 1998-இல் வந்த கூகுள் முந்தியது, ஒரு பக்கத்தை எத்தனைப் பக்கங்கள் சுட்டுகின்றன என்று கணித்து வரிசைப்படுத்திய உழைப்பாலன்றோ!

1976-இல் ஆப்பிளின் முதற் கணிப்பொறியை வடிவமைத்தவர் வோசினியாக்கு. இசுடீவ் சாப்சு வெறும் எண்ணத்தோடு வந்து நிற்கவில்லை; ஐம்பது பொறிகளுக்குக் கடைக்காரரிடம் விலைபேசி வந்தார். அப்படியிருந்தும் இருவர்க்கும் பங்கு ஒன்றே: ஆளுக்கு 45 விழுக்காடு. வாங்குவோன் ஒருவனையும் காட்டமாட்டாத இவர்களோ, எழுதுவோனுக்கு எலும்புத்துண்டு போல ஏதோ சில விழுக்காட்டை நீட்டுகின்றனர்!