ஒரு சி.சி. கூடினால் ரூ.69 ஆயிரம் கூடுதல்! 'ஸ்போர்ட்ஸ்' மோட்டார் சைக்கிள் வாங்கும் வாலிபர்கள் திண்டாட்டம்

சென்னை:
மோட்டார் சைக்கிள் ஷோரூம்களில் "லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர்?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. இப்போது அதை முந்திக்கொண்டு இன்னொரு கேள்வி வந்துவிட்டது. "350-க்கு உள்ளேயா, வெளியேயா?"

காரணம், ஜி.எஸ்.டி. வரி. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி டெல்லியில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், மோட்டார் சைக்கிள்களை இரண்டு சாதியாகப் பிரித்துவிட்டது. இன்ஜின் அளவு 350 சி.சி. வரை இருந்தால் வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைப்பு. 350-ஐத் தாண்டினால் 40 சதவீதம். செப்டம்பர் 22-ந் தேதி இது அமலுக்கு வந்தது.

350-க்கு மேல் முன்பும் தனி வரி உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதே 28 சதவீதத்தோடு 3 சதவீதம் செஸ் போட்டார்கள். மொத்தம் 31. அது இப்போது 40 ஆகி இருக்கிறது.

இதில் அடிபடுபவர் யார்? லட்சாதிபதி அல்ல. 15 லட்சம் ரூபாய்க்கு பைக் வாங்குகிறவர் கணக்குப் பார்க்கப் போவதில்லை. ஐந்தாறு வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அப்பாவிடம் கெஞ்சி, பேங்க் கடனும் போட்டு, 300 முதல் 650 சி.சி.க்குள் நடுத்தர ரக ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை வாங்க நினைக்கிறாரே, அந்த வாலிபர்தான் மாட்டிக்கொண்டார்.

கணக்கைப் பாருங்கள்

கம்பெனி விலை தலா இரண்டரை லட்சம் ரூபாய் உள்ள இரண்டு வண்டிகள் என்று வைத்துக் கொள்வோம். ஒன்று 350 சி.சி. மற்றொன்று 351.

முதல் வண்டிக்கு 18 சதவீத வரி சேர்ந்து ஷோரூம் விலை 2 லட்சத்து 95 ஆயிரம். இரண்டாவது வண்டிக்கு 40 சதவீதம் சேர்ந்து மூன்றரை லட்சம். இங்கேயே 55 ஆயிரம் போயிற்று.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட டூவீலருக்கு ஆயுள்கால சாலை வரி 12 சதவீதம். இது ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையின் மேல் விழுகிறது. வரிக்கு மேல் வரி! முதல் வண்டிக்கு ரூ.35,400. இரண்டாவதற்கு ரூ.42,000.

இன்சூரன்சிலும் இதே 350 கோடுதான். புது டூவீலருக்கு ஐந்து வருஷ 'தேர்டு பார்ட்டி' இன்சூரன்ஸ் கட்டாயம். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 150-க்கு மேல் 350 சி.சி. வரை ரூ.7,365. அதைத் தாண்டினால் ரூ.15,117.

எல்லாம் கூட்டினால் வித்தியாசம் ரூ.69,352. ஒரே ஒரு சி.சி.க்கு!

சக்திக்கு வரி இல்லை

சரி, பெரிய இன்ஜின், அதிக சக்தி, அதனால் அதிக வரி என்று சமாதானம் சொல்லலாம். அதுவும் நிற்காது.

ராயல் என்பீல்டின் கான்டினென்டல் ஜி.டி. நம்ம ஊர்ப் பக்கம் தயாரான வண்டி. 648 சி.சி., 200 கிலோவுக்கு மேல் எடை. சக்தி சுமார் 47 குதிரைத் திறன். ஏப்ரிலியா ஆர்.எஸ். 457 மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் தயாராவது. அதுவும் ஏறக்குறைய அதே 47 குதிரைத் திறன்தான்; எடையோ 175 கிலோ. இரண்டுக்கும் 40 சதவீதம். ஓசூரில் டி.வி.எஸ். தயாரிக்கும் அப்பாச்சி ஆர்.ஆர்.310-ல் இருப்பது 312 சி.சி. இன்ஜின். 38 குதிரைத் திறன். அதற்கு 18 சதவீதம்.

வரி பார்ப்பது வேகத்தையும் இல்லை, விலையையும் இல்லை. சிலிண்டருக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை மட்டும்தான். 1983-ல் வந்து வாலிபர்களைக் கிறுக்குப் பிடிக்க வைத்த ராஜ்தூத் 350-க்கு 347 சி.சி. அந்த முரட்டு வண்டி இன்று புதிதாக வந்தால் சாதுவாக 18 சதவீத வரிசையில் நிற்கும்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெரிய சொகுசு கார்களுக்கும் இப்போது 40 சதவீதம்தான். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு முன்பு செஸ்சோடு சேர்த்து 50 சதவீதம் வரை இருந்தது. அதாவது கார்க்காரருக்கு வரி இறங்கியது, பைக்காரருக்கு ஏறியது. 350-க்கு மேற்பட்ட பைக், பெரிய கார், கோலா பானம் மூன்றும் இப்போது ஒரே பட்டியலில் இருக்கின்றன.

எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே சீராக 18 சதவீதம் போடுங்கள் என்று ராயல் என்பீல்டு தரப்பில் கேட்டுப் பார்த்தார்கள். நடக்கவில்லை. அந்தக் கம்பெனி தனது 350 சி.சி. வண்டிகளின் விலையை 22 ஆயிரம் ரூபாய் வரை குறைத்தது. 650 வண்டிகளின் விலை ஏறிவிட்டது. வேறு சில கம்பெனிகள், ஏறிய வரியைத் தாங்களே ஏற்றுக்கொண்டு பண்டிகைக் காலத்தில் பழைய விலைக்கே விற்றன. ஆகவே 350-க்கு மேற்பட்ட வண்டியைக் கேட்கிறவர், "இந்த விலை இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று ஷோரூமில் கேட்டுவிடுவது நல்லது.

ஓட்டுவது எங்கே?

வாங்கியாயிற்று. எங்கே ஓட்டுவது? சென்னை நகருக்குள் டூவீலருக்கு 50 கிலோ மீட்டர்தான் வேகம் என்று 2023-ல் போலீசார் நிர்ணயித்தார்கள். குடியிருப்புத் தெருக்களில் 30. கத்திப்பாராவில் ஆபீஸ் நேரத்தில் நிற்கும்போது 312 சி.சி.யும் 650 சி.சி.யும் ஒன்றுதான். பெரிய இன்ஜினின் ரேடியேட்டர் ஃபேன் முழங்காலில் அனல் அடிப்பதுதான் மிச்சம். குனிந்து உட்காரும் ஹேண்டில் பாரில் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். பின் சீட்டோ உயரத்தில், உள்ளங்கை அகலம். சேலை கட்டிய அம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போக முடியாது. இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

உண்மையிலேயே வேகம் பார்க்க ஆசை உள்ளவருக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தபோது ஊரே திரண்டு போகும். அந்த ரேசுக்கு வாரிசு இதுதான். டிராக்கில் ஓட்டப் பழக, லேசான 310 போதும். புதிதாகப் பழகுகிறவர் கையில் பெரிய வண்டியை விட அது சொன்னபடி கேட்கும்.

தினசரி ஆபீசுக்கும், மாதம் ஒரு தடவை பாண்டிச்சேரிக்கும் போகிறவர் கோட்டுக்கு உள்ளேயே நின்றுகொள்ளலாம். மிச்சமாகும் ரூ.69 ஆயிரத்தில் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் வாங்கி, இரண்டு செட் டயரும் போட்டு, பெட்ரோலுக்கும் காசு மிஞ்சும்.

இல்லை, இரட்டை சிலிண்டர்தான் வேண்டும், அந்தச் சத்தம்தான் வேண்டும் என்பவர்கள் பழைய வண்டிப் பக்கம் திரும்புகிறார்கள். சொந்தக்காரரிடம் நேராக வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. சாலை வரியும் முதலில் வாங்கியவர் கட்டியாயிற்று. ஆனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புல்லட்டுக்குக் கிடைப்பது போல, வெளிநாட்டு வண்டிக்கு சாமான் உடனே கிடைத்துவிடாது. கீழே விழுந்து எழுந்த வண்டியா என்பதை ஹேண்டில் பார் முனை, சைலன்சர், கால் வைக்கும் கம்பி மூன்றையும் தடவிப் பார்த்தாலே தெரியும்.

ஆர்.சி. புத்தகத்தில் பேங்க் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான பேங்க் கடிதமும், 'பாரம் 35'-ம் கைக்கு வந்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.