தேருக்குச் செலவா, வலவனுக்குச் செலவா?

பம்மல் பிரதான சாலையில் மாலை வேளைகளில் நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். பல்லாவரத்திலிருந்து அனகாபுத்தூர் வரை மாநகரப் பேருந்தும் தண்ணீர் லாரியும் ஆட்டோவும் ஒன்றையொன்று உரசாமல் ஊர்ந்து செல்லும் அவ்வழியில், சைலன்சரை அறுத்து வேறு குழல் பொருத்திய சிறு கார்கள் இடியென முழங்கிக்கொண்டு மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன. பத்து லட்சம் ரூபாய்க் காருக்கு இரண்டு லட்சம் ரூபாய் 'ஆல்டரேஷன்'. ஓட்டுபவருக்கு வயது இருபத்தைந்துக்குள். இவ்வார்வத்தை இழித்துப் பேச நாம் இங்கு வரவில்லை. வேகத்தின் மீது மனிதனுக்குள்ள காதல் பழையது, மதிக்கத்தக்கது. நமது குறை வேறு. பணம் தலைகீழ் வரிசையில் செலவாகிறது. வேகமும் தவறான இடத்தில் செலவாகிறது என்பதே அது.

முதலில் இக்கார்கள் எவை என்று சொல்லிவிடுவோம். பின்புறம் முழுக்கதவாகத் திறக்கும் சிறு காரை ஹாட்ச்பேக் என்கிறோம். (இதற்குத் தமிழ்ச் சொல் புனைந்த அன்பர்கள் உண்டு, பம்மல் மெக்கானிக் ஒருவருக்கும் அது விளங்கவில்லை என்பதால் நாம் அதைத் தவிர்க்கிறோம்.) அத்தகைய காரில் வலுவான எஞ்சினையும் இறுக்கமான சஸ்பென்ஷனையும் வைத்து விற்பது ஐரோப்பாவில் 1970களிலிருந்து உள்ள வழக்கம். நம் நாட்டுக்கு அது தாமதமாக வந்தது. 2015இல் 145 குதிரைத்திறனோடு ஃபியட் புன்டோ அபார்த். 2016இல் இறக்குமதியான ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ. 2017இல் மாருதி பலேனோ ஆர்எஸ். 2021இல் ஹூண்டாய் ஐ20 என் லைன். இவற்றுள் தமிழ்நாட்டவர் பெருமை கொள்ளத்தக்கது 2018இல் வந்த டாடா டியாகோ ஜேடிபி. அதை டாடாவுடன் சேர்ந்து உருவாக்கியது கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். அதை நடத்துபவர் முன்னாள் பந்தய வீரர் ஜே. ஆனந்த். ஃபார்முலா மாருதியை வடிவமைத்த கரிவரதனின் ஊரல்லவா அது! 6 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய்க்கு டர்போ எஞ்சினும் இறுக்கிய சஸ்பென்ஷனும் அகன்ற டயரும் ஒருசேரக் கிடைத்தன. மக்கள் போதிய அளவில் வாங்கவில்லை. 2020இல் பிஎஸ்-6 விதி வந்தபோது அது மறைந்தது. போலோவும் 2022இல் இந்தியாவிலிருந்து விடைபெற்றது.

ஆகவே இன்று இவ்வார்வம் கொண்டவர் வாங்குவது பெரும்பாலும் பழைய கார். இங்கேதான் முதற்பிழை நேர்கிறது. ஏழெட்டு ஆண்டு ஓடிய காரில் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கும், புஷ்கள் வெடித்திருக்கும், டயர் தேயாமலே கெட்டிப்பட்டிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் அக்கார் எப்படி ஓடியது என்பதே புதிய உரிமையாளருக்குத் தெரியாது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவில் பெயருமில்லை, பெருமையுமில்லை. நண்பர்களிடம் காட்ட ஒன்றுமில்லை. எனவே அதை விட்டுவிட்டு நேரே எஞ்சினுக்குப் போகிறார்கள்.

டர்போ எஞ்சினில் திறனைக் கூட்டுவது இக்காலத்தில் மிக எளிது. எஞ்சினை ஆளும் சிறு கணினியில் எழுதப்பட்டுள்ள எண்களை மாற்றி எழுதினால் போதும். டர்போ கூடுதல் காற்றை அழுத்தும், எரிபொருள் அதற்கேற்பப் பாயும். ரீமேப் என்பது இதுதான். கடையில் உட்கார்ந்து ஒரு தேநீர் அருந்தி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் எண்கள் மாறினவே தவிர இரும்பு மாறவில்லை. போலோ ஜிடி டிஎஸ்ஐ காரின் எஞ்சின் தருவது 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதன் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி தாங்குமாறு வடிவமைக்கப்பட்ட எல்லை 250. இடையிலுள்ள அந்த இடைவெளி பொறியாளர்கள் கஞ்சத்தனத்தால் விட்டதன்று. வெயிலுக்கும் நெரிசலுக்கும் மோசமான பெட்ரோலுக்கும் முதுமைக்கும் ஒதுக்கிய இருப்பு. சென்னைச் சித்திரை வெயிலில் டர்போவுக்குள் போகும் காற்றே கொதித்துத்தான் போகிறது. சூடான காற்றும் தரம் குறைந்த பெட்ரோலும் சேர்ந்தால், தீப்பொறி முறையாகப் பற்றவைத்த பின்னும் எஞ்சிய கலவை தானாக வெடித்து எஞ்சினைத் தட்டும். ஒதுக்கிய இருப்பை எடுத்துச் செலவழிப்பவர் அதை அறிந்தே செலவழிக்கட்டும் என்பதற்கு மேல் நாம் சொல்வதற்கில்லை.

திறன் கூடிய காரை நிறுத்துவது எது? இதைக் கேட்போர் குறைவு. ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும் என்று பள்ளியிலே படித்தோம்; மறந்துவிட்டோம். நல்ல டயரோடு உலர்ந்த சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், பிரேக் பிடித்த பின் ஏறத்தாழ 31 மீட்டரில் நிற்குமானால், 120இல் அதே காருக்கு 70 மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டேகால் மடங்கு. அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகி பிரேக் தட்டுகளில் இறங்குகிறது. அங்கிருந்து பிரேக் எண்ணெய்க்கு. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட்-4 எனப்படும் வகை புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகோ அந்த அளவுகோல் 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குமிழி தோன்றும். குமிழி தோன்றினால் பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அவ்வெண்ணெயை மாற்ற ஆகும் செலவு, ஒரு ஸ்டிக்கர் வேலைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. கடல் ஈரம் படர்ந்த நம் ஊரில் இதை எத்தனை பேர் மாற்றுகிறார்கள்?

டயரும் அவ்வாறே. காரும் சாலையும் தொட்டுக்கொள்வது உள்ளங்கையளவான நான்கு இடங்களில் மட்டும். முடுக்கமும் நிறுத்தமும் திருப்பமும் அந்த நான்கு உள்ளங்கைகள் தரும் கடன்தான். அழகுக்காகப் பெரிய சக்கரமும் மெலிந்த டயரும் போடுவோர், சக்கரத்தின் எடையைக் கூட்டி, ஷாக் அப்சார்பரின் வேலையைக் கடினமாக்கி, பம்மலின் முதல் வேகத்தடையிலேயே அலாய் சக்கரத்தை வளைத்துக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவதோ இன்னும் விபரீதம். ஐப்பசி மழையில் எந்தத் தெருவில் எவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம் என்று தெரியாத ஊரில், தரைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் காரை ஓட்டுவது எந்த வீரத்தில் சேர்த்தி?

சைலன்சரைப் பற்றித் தமிழாசிரியராக ஒரு வார்த்தை. அகநானூற்றின் நான்காம் பாட்டில், வினை முடித்து மீளும் தலைவனின் தேர் வருகிறது. பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடுமே என்று அஞ்சி, தேர் மணிகளின் நாவைக் கட்டிவிட்டு அவன் வருகிறான் என்கிறார் குறுங்குடி மருதனார். விரைந்து வரவேண்டிய வேட்கையுள்ளவன். ஆயினும் ஒலியை அடக்குகிறான். நம் இளைஞரோ அடங்கியிருந்த ஒலியைக் காசு கொடுத்து அவிழ்த்துவிடுகிறார்கள். ஒலிக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பு மிகச் சொற்பம் என்பதை எந்த நேர்மையான மெக்கானிக்கும் ஒப்புக்கொள்வார்.

சட்டம் என்ன சொல்கிறது? தயாரிப்பாளர் குறித்த வடிவிலிருந்து வண்டியை அடிப்படையாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று விதித்தது. சாலையில் பந்தயம் விட்டாலும் முதல் குற்றத்துக்கு 5,000தான். தெருவைக் காக்கச் சட்டம் கடுமையாக இருப்பதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் அது காரின் உடலை மட்டுமே பார்க்கிறது. ஓட்டுபவரின் கையை யார் பார்ப்பது? ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போட்டுக் காட்டியவரையும், 100 கிலோமீட்டர் வேகத்தில் முழு பிரேக் பிடித்தபடி காரை விலக்கத் தெரிந்தவரையும் நம் நாடு ஒரே அட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறது.

அகநானூற்றிலேயே இன்னொரு பாட்டு, 384ஆவது, ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. ஏறியது தெரியும், வந்து சேர்ந்தது தெரியவில்லை என்று வியக்கும் தலைவன், குதிரை உருவில் காற்றைப் பூட்டினாயோ, உன் மனத்தையே பூட்டினாயோ என்று வினவுகிறான். யாரிடம்? தேர் செய்த தச்சனிடம் அன்று; வலவனிடம். இரண்டு லட்சம் ரூபாய் கையிலுள்ள அன்பர் முதல் செலவை எதற்குச் செய்யவேண்டும் என்று நம்மைக் கேட்டால், இப்பாட்டைத்தான் காட்டுவோம்.

வலவன் பழகவேண்டிய இடம் பம்மலிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அனகாபுத்தூர் தாண்டி, சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் வழியே மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை. ஐ20 என் லைன் பிறந்த ஹூண்டாய் ஆலையும் அவ்வூரில்தான். மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளமும் அவ்வூரில்தான். 1953இல் தோன்றிய அக்கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தி, 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்று. எதிரே வண்டி வராது, மாடு வராது, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை வராது. எங்கே பார்க்கவேண்டும், எங்கே பிரேக்கை விடவேண்டும், வளைவுக்குள் ஏன் மெதுவாகப் புகவேண்டும் என்பனவற்றை அங்கே ஒரு நாளில் கற்பது, வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் நள்ளிரவுகளில் ஓராண்டு அலைந்தாலும் கிட்டாது. தன் கார் உண்மையில் எதற்கு ஏங்குகிறது என்பதும் அங்கேதான் தெரியும். பெரும்பாலோர் மூன்றாம் சுற்றிலேயே கண்டுகொள்வது திறன் போதவில்லை என்பதை அன்று. பிரேக் வாடுகிறது என்பதை.

தளத்திலும் ஆபத்து உண்டு, மறைக்கவேண்டியதில்லை. 2023இல் மட்டும் அங்கே மூத்த கார்ப் பந்தய வீரர் கே.ஈ. குமாரும், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவனும் விபத்தில் மாண்டனர். ஆயினும் அங்கே தலைக்கவசம் கட்டாயம், கொடியோடு மார்ஷல் நிற்பார், ஆம்புலன்ஸ் காத்திருக்கும், ஆபத்தை ஏற்பவர் தானே அறிந்து ஏற்கிறார். வெளிவட்டச் சாலையில் அந்த ஆபத்தை ஏற்பவர் டீ குடித்துவிட்டு டிவிஎஸ் ஐம்பதில் வீடு திரும்பும் முதியவர். அவரை யாரும் கேட்கவில்லை.

பம்மல் என்றதும் இலக்கிய அன்பர்களுக்குச் சம்பந்த முதலியார் நினைவு வரும். 1891இல் அவர் சுகுண விலாச சபையைத் தொடங்கியது, பிழைப்புக்காக அன்றி ஆசைக்காக நடிப்பவர்களுக்கு ஒரு மேடை வேண்டும் என்றுதான். மோட்டார் பந்தயத்துக்கு வேண்டியதும் அத்தகைய சபை. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருக்களை அடைத்து, விளக்குகள் கட்டி, இரவுப் பந்தயம் நடத்தப்பட்டது. தமிழக அரசும் முன்னின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது பார்வையாளர்களை உண்டாக்கும், ஓட்டுநர்களை உண்டாக்காது. அவ்வுற்சாகத்தில் ஒரு பங்கைக் கொண்டு, பந்தயமில்லாத ஞாயிறு ஒன்றில் மாதந்தோறும் குறைந்த கட்டணத்தில், பயிற்றுநரோடு, சாதாரணக் கார்களுக்குத் தளத்தைத் திறந்துவிட ஏற்பாடு செய்தால் என்ன? தாம்பரம் மாநகராட்சிப் பகுதியில் எத்தனை பொறியியல் கல்லூரிகள்! எங்கள் மாணவர்கள் வரிசையில் நிற்பார்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டியிருக்கிறது. நம் நாட்டுக் கார்க் காப்பீட்டுப் பத்திரங்களில், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் இழப்பீடு இல்லை என்ற வாசகம் இருக்கும். செய்த மாற்றத்தைத் தெரிவிக்காவிட்டாலும் சிக்கல்தான். தளத்துக்குப் போகும் ஒழுங்கான இளைஞர், தடுப்பில் மோதினால் முழு இழப்பையும் தாமே சுமக்கவேண்டும். இங்கிலாந்தில் இதற்கென ஒரு நாள் காப்பீடு தனியே வாங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், இத்தனை ரூபாய் பிரீமியம் என்று நம் நிறுவனங்கள் ஒன்றேனும் எளிதாக விற்க முன்வருமானால், முதல் ஆளாக விண்ணப்பம் எழுத நாம் ஆயத்தம்.