எதற்கு இவ்வாராய்ச்சி?

சென்ற ஆவணித் திங்களில் நம் கல்லூரி மண்டபத்தே மாணவர் ஆராய்ச்சிக் கட்டுரைகள் படிக்கப்பெற்ற பிற்பகலை இச்சஞ்சிகையைப் படிப்போர் மறந்திரார். விலங்குநூல் மாணவர் ஒருவர் விடுதி விளக்கைச் சுற்றும் விட்டில்களைப் பல இரவுகள் விழித்திருந்து எண்ணிய கணக்கைப் படித்தார். கணித மாணவி ஒருவர் கயிற்றில் விழும் முடிச்சுக்களை வகைப்படுத்தும் முறையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். பொருளாதார மாணவர் ஒருவர் சந்தையில் வெங்காய விலை ஏறியிறங்கிய காரணங்களை விரித்துரைத்தார். இறுதியில் யாம், 'மன்' என்னும் இடைச்சொல் சங்க நூல்களிற் பொருள்படும் திறத்தைப் பற்றிப் படித்தோம்.

எம் முறை வந்தபொழுது பின் வரிசையினின்றும் சிரிப்பொலி எழுந்தது. "இரண்டெழுத்துச் சொல்லுக்கு இருபது பக்கமா?" என்று ஒருவர் வினவியது மேடைவரை கேட்டது. அது எம்மை வருத்திற்று. எனினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. விட்டிற் கணக்குப் படிக்கப்பட்டபொழுது முதலிற் சிரித்தவர்களுள் யாமும் ஒருவரே.

சிரிப்போடு நின்றிருப்பின் இதனை எழுதியிரோம். அன்று முடிவுரை கூறிய பெரியார் ஒருவர், வயிற்றுக்கும் நாட்டுக்கும் உதவும் ஆராய்ச்சியையே கல்லூரிகள் போற்றல் வேண்டும் என்றும், ஏனையவை ஓய்வுநேர விளையாட்டு என்றும் மொழிந்தார். கைதட்டல் பலமாக இருந்தது. அன்று முதல், மாணவர் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பெறும் சிறுதொகையையும் பயன் நோக்கியே பங்கிடல் வேண்டும் என்னும் பேச்சு விடுதிகளில் உலவுகின்றது. அப்பேச்சை யாம் மறுக்கின்றோம். மறுப்பதற்குரிய காரணம் தமிழிலிருந்து வருவதன்று, வானநூலிலிருந்து வருவது.

அமெரிக்காவில் அரிசோனாப் பகுதியில் டக்ளஸ் என்னும் வானநூலார் ஒருவர் இருந்தார். ஞாயிற்றின் முகத்திலே தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவன. அப்பெருக்கமும் குறைவும் மண்ணுலகின் மழையையும் மாற்றுமோ என்பது அவருடைய ஐயம். பழைய மழைக்கணக்கு அந்நாட்டில் இல்லை. ஆகவே அவர் மரங்களிடம் சென்றார். வறண்ட நிலத்து ஊசியிலை மரங்கள் மழை பெய்த ஆண்டில் அகன்ற வளையமும், பொய்த்த ஆண்டில் மெல்லிய வளையமும் இடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானநூற் பேராசிரியர் ஒருவர் வெட்டுண்ட மரத்துண்டங்களின்மேற் குனிந்து வளையங்களை எண்ணிக்கொண்டிருந்த காட்சியைக் கண்டோர் என்ன கூறியிருப்பர்? எம் பின்வரிசை நண்பர்கள் அங்கு இருந்திருப்பின் நன்கு சிரித்திருப்பர்.

வளையத்தின் அகலத்தில் அவர் தேடிய பதினோராண்டுச் சுழற்சியைப் பிறர் ஒப்புமாறு நிறுவ அவரால் இயலவில்லை. அவ்வளவில் அவர் தோற்றார் என்றே கூறலாம். ஆயின் அகன்றதும் மெலிந்ததுமாக வரும் வளைய வரிசை ஒவ்வொரு காலத்திற்கும் தனியே உரிய கைரேகை போன்றது என்பதை அவர் கண்டுகொண்டார். இன்று நிற்கும் மரத்தின் உள்வளையங்களும், பழைய வீட்டு உத்திரத்தின் வெளிவளையங்களும் ஒத்திருப்பின் இரண்டையும் இணைத்துக் கணக்கைப் பின்னோக்கி நீட்டலாம். 1929ஆம் ஆண்டில் கரிந்த உத்திரம் ஒன்று கிடைத்து, இடையறுந்திருந்த வரிசையை இணைத்தது. அதனால் அந்நாட்டுப் பழங்குடியினரின் பாழடைந்த பெருமனைகள் எவ்வாண்டில் எழுந்தன என்பதை ஆண்டு தவறாமற் கூற இயன்றது. ஞாயிற்றைத் தேடிப் புறப்பட்டவர் சரித்திரக்காரர்களுக்குப் பஞ்சாங்கம் அளித்தார்.

1940ஆம் ஆண்டில் கேமன், ரூபன் என்னும் இருவர் கரியின் அரிய வகையாகிய கரி-14 என்பதைக் கண்டனர். அவர்கள் அறிய விரும்பியது பயிர்கள் காற்றிலுள்ள கரியை எவ்வாறு உணவாக்குகின்றன என்பதே. ரூபன் 1943இல், தம் 29ஆம் அகவையில், ஆராய்ச்சிக்கூட விபத்தில் மாண்டார். பின்னர் லிபி என்னும் இரசாயன நூலார் அக்கரியைக் கொண்டே காலத்தை அளக்கும் முறையை வகுத்து, 1960இல் நோபெல் பரிசு பெற்றார். உயிருள்ளவரை மரமும் நெல்லும் அக்கரியைப் பெற்றுக்கொண்டேயிருக்கும். இறந்தபின் அஃது ஏறத்தாழ 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எஞ்சியதை அளந்தால் இறந்த காலம் தெரியும்.

அவ்வளவையும் முற்றும் செம்மையாக அமையவில்லை. காற்றில் அக்கரியின் அளவு எக்காலத்தும் ஒன்றாயிருக்கவில்லை என்பது பின்னரே தெரியவந்தது. பிழையைத் திருத்தியது எது? டக்ளஸ் தொடங்கிவைத்த மரவளையக் கணக்கு! ஆண்டு தெரிந்த வளையத்தில் கரியை அளந்து, அதனை உரைகல்லாகக் கொண்டனர். அளவு மாறியதற்குரிய காரணங்களுள் ஒன்று ஞாயிற்றின் எழுச்சியும் தணிவும் என்பதும் புலனாயிற்று. வளையத்தின் அகலத்தில் அவர் காணாத ஞாயிறு வளையத்தின் கரியுள் ஒளிந்திருந்தது! 2012இல் மியாகே என்னும் ஜப்பானிய அம்மையார், கி.பி. 774-775ஆம் ஆண்டு வளையத்தில் அக்கரி திடீரென மிகுந்திருத்தலைக் கண்டார். அத்தகைய மிகுதி 993இலும் உண்டு. அதனை அடையாளமாகக் கொண்டு, ஐரோப்பிய வடபுலத்தார் கடல் கடந்து கனடா நாட்டுக் கரையில் வெட்டிய மரங்கள் 1021ஆம் ஆண்டுக்குரியன என்று 2021இல் துணிந்தனர்.

இதில் தமிழ் எங்கே என்பீராயின், பொருநை நாட்டுச் சிவகளைக்கு வருக. அங்கே முதுமக்கள் தாழி ஒன்றினுள் இருந்த நெல்லுமியை இம்முறையால் அளந்து, அதன் காலம் கி.மு. 1155 என்று 2021இல் வெளியிட்டனர். அச்செய்தி வந்த நாளில் தமிழ் வகுப்பில் யாம் ஆரவாரம் செய்ததை விட்டில் நண்பரும் அறிவார். பெருமிதம் எமது; அதற்கு அடியிட்டவர்களோ ஞாயிற்றுப் புள்ளியையும் மரத்துண்டத்தையும் பயிரின் உணவையும் ஆராய்ந்தவர்கள். அவருள் எவரும் பொருநையை நினைந்து உழைத்தவரல்லர்.

முடிச்சுக்களுக்கும் இவ்வாறொரு கதை உண்டு. அணுக்கள் என்பன ஈதரில் விழுந்த முடிச்சுக்களே எனக் கெல்வின் பெருமகனார் எண்ணியதால், டெயிட் என்பவர் முடிச்சுக்களை அட்டவணையாக்கினார். கெல்வினின் கொள்கை பொய்த்தது. அட்டவணையிலிருந்து வளர்ந்த கணிதம் இன்று உயிரணுவினுள் கிடக்கும் டி.என்.ஏ. இழையின் சிக்கலை ஆராய்வோர்க்குத் துணையாகின்றது.

எல்லா ஆராய்ச்சியும் என்றேனும் ஒருநாள் பயன் தரும் என்று யாம் வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. எம் 'மன்' எந்நாளும் ஒருபிடி நெல்லை விளைவிக்காது. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒருவர் எக்கருத்தில் அச்சொல்லை வைத்தார் என்று தெளிவதே அதன் பயன். அதற்கு மேல் எதனையும் யாம் வேண்டவில்லை. இக்காலத்தே சிலர், பல துறையினரையும் ஒரு தலைப்பிற் கட்டி இணைத்து ஆராய வைத்தால் புதுமை பிறக்கும் என்கின்றனர். விட்டிலையும் வெங்காயத்தையும் ஒரே கட்டுரையில் அடைத்தால் இரண்டும் கெடும் என்றே அஞ்சுகின்றோம். டக்ளஸ் தம் கேள்வியையே விடாது பற்றி நின்றார். மற்றவர் தேடி வந்தபொழுது எடுத்துக்கொடுக்கச் செம்மையான கணக்கு அவரிடம் இருந்தது.

அச்செம்மையே நாம் கேட்கவேண்டுவது. தொகையைப் பங்கிடுவோர் கட்டுரைகளைச் சலித்தெடுக்க விரும்பின், எதற்கு என்பதை விடுத்து, எண்ணியவர் தாமே எண்ணினாரா, படித்தவர் மூலத்தைப் படித்தாரா என்று கேட்பாராக. பிறர் நூலிலிருந்து கத்தரித்து ஒட்டிய கட்டுரைகள் எல்லாத் துறையிலும் உள. எம் துறையிலும் உள என்பதை நாணத்துடன் கூறுகின்றோம். அன்று மேடையேறியவற்றுள் ஒன்றிரண்டு அத்தகையன. அவற்றைக் கேட்டு எவரும் சிரிக்கவில்லை, தலைப்பு பயனுள்ளதாயிருந்தது.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. வரும் ஆண்டில் ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் வினாவைப் பிற துறை மாணவர் ஒருவரே எழுப்புமாறு ஆசிரியர்கள் விதித்தல் நன்று. வினவ வேண்டுமாயின் கேட்டாக வேண்டும் அன்றோ? விட்டில் நண்பரிடம் வினவ எம்மிடம் இப்பொழுதே ஒன்று உண்டு. நிலவு நிறைந்த இரவுகளில் எண்ணிக்கை குறைந்தது என்றார். அது நிலவினாலா, அவ்விரவுகளில் நாம் விளக்கை அணைத்துவிட்டு முற்றத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தமையாலா?