கிராஃப் வந்துவிட்டால் மிக்சரைத் தொடக்கூடாதா?

"டைனோவில் ஏற்றிப் பார்த்தாச்சு, கிராஃப் வந்தாச்சு. இனி மிக்சரைத் தொடாதீங்க." எஞ்சினை மாற்றியமைத்த கார்க்காரர்கள் ஓசூரிலும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமும் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. மிக்சர் என்பது பெட்ரோல்-காற்றுக் கலவை; அதைத் தொடாதே என்பது தவறான அறிவுரை. இதனால் பிஸ்டன்கள் போகின்றன.

எஞ்சின் திறனை அளக்கும் டைனோ கருவியின் கிராஃப் பொய் சொல்லாது என்கிறார்கள். சரி, அது எந்தக் காற்றில் எடுத்தது? ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. டைனோவின் மென்பொருள் அந்தக் குறையைச் சரிக்கட்டித் திறனைக் கூட்டிக் காட்டும். கார்ப்பரேட்டருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஓசூரில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 13 பங்கு காற்று என்று வைத்த கலவை, கடல்மட்டத்தில் 13.5-ஐ ஒட்டிப் போய்விடும். சிலிண்டரில் அழுத்தமும் கூடும். கம்ப்ரஷனை ஏற்றிய எஞ்சின் இரண்டையும் சேர்த்துத் தாங்காது.

நண்பரின் பழைய கார்ப்பரேட்டர் ஜென்னில் நடந்தது இதுதான். மே மாத வெயிலில் வேலூரைத் தாண்டியதும் நாக்கிங். பிளக்கைக் கழற்றினால் பீங்கான் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதன்மேல் ஊசிமுனை அளவில் வெள்ளிப் புள்ளிகள். பிஸ்டனின் அலுமினியம் அது. கையில் வைத்துப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

அப்படியானால் பெட்ரோலைத் தாராளமாக விட்டுவிடலாம், கரும்புகை வந்தால் பவர் என்பார்கள். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு உச்சத் திறன் 12.5-க்கும் 13-க்கும் நடுவில்தான். அதற்குக் கீழே இறங்க இறங்கத் திறன் குறையும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும்.

இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சீராக ஓடும்போது பார்த்துக்கொள்ளும், உண்மை. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், வழக்கமான குறுகிய அளவு ஆக்சிஜன் சென்சாரை நம்பாமல், பதிந்துவைத்த அட்டவணைப்படியே ஈசியூ பெட்ரோல் விடும். எத்தனால் கலக்காத பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். பழைய பெட்ரோலுக்கு எழுதிய அட்டவணையோடு இன்றைய பங்க்கில் நிரப்பினால், முழு மிதியில் கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆகும்.

டைனோ ஓட்டம் பத்துப் பதினைந்து விநாடி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வரும் மேலுமலை ஏற்றம் நிமிடக்கணக்கில் எஞ்சினைப் பிழியும். கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தி, பக்கத்தில் ஒருவர் அளவைக் குறித்துவர, சட்ட வேகத்திலேயே உயர் கியரில் ஏறுங்கள். திரும்பி வந்து கார்ப்பரேட்டரின் ஜெட்டையோ ஈசியூவின் அட்டவணையையோ திருத்துங்கள். வெளியூர் ஓட்டம் என்றால் கீழே போயும் ஒருமுறை அளந்துவிடுங்கள். புது பிஸ்டன் போட்ட பிறகு அந்த ஜென்னுக்கு மெயின் ஜெட்டை இரண்டு அளவு கூட்டினோம். சென்னை போய்வந்து பிளக்கைக் கழற்றியபோது இளம்பழுப்பு நிறத்தில் இருந்தது.