பாஷை பரவும் மார்க்கம்

சில பாஷைகள் உலகெங்கும் வழங்குவதற்கு அவற்றின் இனிமையும் இலக்கணச் சிறப்புமே காரணம் என்று பேசுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் ஒருமுறை நெய்வேலிக்குப் போய் வருவார்களாக.

பழுப்பு நிலக்கரி எடுப்பதற்கென 1956-ல் அங்கே ஸ்தாபனம் ஏற்பட்டது. மண்ணை வெட்டும் ராக்ஷஸ யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியால் எழுந்து, 1962-ல் மின்சாரம் தந்தது. ஆயினும் ஜெர்மன் அங்கு வேரூன்றவில்லை. ருஷ்ய பாஷையும் வேரூன்றவில்லை. நிலைத்தது ஆங்கிலம். கணக்கும் கடிதமும் உத்தியோக உத்தரவும் அதில்தானே இருந்தன!

பாரசீகம் பட்ட பாடும் இதற்குச் சாட்சி. மொகலாயர் காலமுதல் தர்பாரில் வீற்றிருந்த அந்தப் பாஷையைக் கம்பெனி சர்க்கார் 1837-ல் கோர்ட்டுகளிலிருந்து விலக்கினர். ஆங்கிலம் கற்றோருக்கே உத்தியோகத்தில் முதலிடம் என்று 1844-ல் ஹார்டிஞ்ச் பிரபு உத்தரவிட்டார். பாரசீகக் கவிதையின் அழகு அன்றிரவே குறைந்துவிடவில்லை, கற்போர்தாம் குறைந்தனர்.

நெய்வேலி ஸ்தாபனம் 2022-ல் இன்ஜினீயர் பயிற்சியாளர்களை 'கேட்' பரீட்சை மதிப்பெண்ணைக் கொண்டு தேர்ந்தெடுத்தது. அப்பரீட்சை ஆங்கிலத்தில் நடைபெறுவது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடியானவன், கடன்பட்டாவது மகனை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினால், அவனைப் பாஷாத் துரோகி என்று ஏசுவது நியாயமா? மேடைதோறும் தமிழன்னைக்கு மாலை சூட்டும் கனவான்கள், உத்தியோகப் பரீட்சைகளைத் தமிழிலும் எழுத இடம் கேட்டு டில்லியில் வாதாடட்டும். நாம் கோருவது அதுவே.